நூற்றுக்கு மேலே இழுத்த சத்தம்

குறிச்சிமேட்டில் தறிச் சத்தம் காணாமல் போன கதையைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம், மந்திரமா, மருந்தா, சாமியார் யாராவது வந்துபோனாரா என்றுதான் முதலில் ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஒரு கண்றாவியும் இல்லை, செல்போன் கடை சம்பத்து ஒரு பழைய லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டுகிற கோட்டைப் பிடித்து வலது பக்கமாக இழுத்தான், அவ்வளவுதான் என்று சொன்னால் முகம் தொங்கிப்போகிறது. தொங்கினால் தொங்கட்டும். நடந்ததைத்தான் நான் சொல்ல முடியும், நடக்காததைச் சொல்ல எனக்கு நேரமில்லை, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி, சுவருக்குச் சுவர் விசைத்தறி, பகல் ஷிப்டு ஓய்ந்தால் ராத்திரி ஷிப்டு, கரண்ட் இருக்கும்வரை தடக் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்திலேயே பிறந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்து கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றுச் செத்தும் போகிறவர்கள் நாங்கள், வெளியூர் விசேஷத்துக்குப் போனால் சத்தமில்லாமல் தூக்கம் வராமல் விடிய விடியப் புரண்டு படுப்போம். பேசினால் கத்திப் பேசுவோம், கத்தியும் கேட்காத இடத்தில் உதட்டை அசைப்போம். தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் உதட்டைப் பார்த்தே முழு விஷயத்தையும் வாங்கிக்கொள்வாள், நூல் அறுந்ததும் சோறு பொங்கினதும் மாமியார் திட்டினதும் எல்லாமே உதட்டில்தான் போகும் வரும். புதிதாக வாக்கப்பட்டு வருகிற பெண்கள் முதல் மாதம் இதென்னடா ஊமை ஊரென்று மிரண்டு நிற்பார்கள், அடுத்த ஆடி வருவதற்குள் அவர்களும் உதட்டைப் படிக்கப் பழகிவிடுவார்கள்.

என் வீட்டுக்கும் தெய்வானை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தெய்வானையின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவன், போனவன்தான். அவள் இரண்டு தறியை ஒற்றை ஆளாக ஓட்டி மோகனப்பிரியா என்கிற தன் ஒரே மகளைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. பஞ்சுத் தூசி ஒத்துக்காது, ஆனால் தறி வீட்டில் பிறந்துவிட்டுத் தூசிக்கு எங்கே போவது? தீபாவளிக்கு முந்தின அந்த மத்தியானம் அவள் முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, காலேஜில் கொடுக்க வேண்டிய செமினாரைத் தன் குரலிலேயே பதிந்துகொண்டிருந்தாள். பின்னால் தறிக்கூடத்தில் தெய்வானை தறியில் நீளவாக்கில் ஏற்றின ஒரு பாவு நூலை நெய்து முடிக்கிற அவசரத்தில் இருந்தாள், சாயங்காலத்துக்குள் துணி வந்தாக வேண்டும் என்று நூல் கொடுக்கிறவர் காலையிலிருந்து ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். பாவு முடிந்தது. தறியை நிறுத்திவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தால், மோகனா மேசை மேல் கவிழ்ந்து கிடந்தாள், லேப்டாப் மட்டும் இன்னும் பதிந்துகொண்டே இருந்தது.

ஒரு நொடியில் போயிருக்கிறது, வலியே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நாங்களும் அதையே சொன்னோம், தூக்கத்தில் போகிற மாதிரிப் போய்விட்டாள், புண்ணியவதி, யாரையும் கூப்பிடக்கூட அவளுக்கு நேரமில்லை என்று வருகிறவர் போகிறவர் எல்லோரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் எங்களுக்கே அது பக்கத்தில் நின்று பார்த்ததுபோல ஆகிவிட்டது. தெய்வானை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ என்னயக் கூப்பிட்டாளா, கூப்பிடலியாக்கா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அதைச் சொல்ல வேண்டியது அந்த லேப்டாப். அதுவோ சரியான வாயில்லாப் பூச்சி. யாரோ போட்டுத் தேய்த்துவிட்டு விற்ற பெட்டி, வழக்கமாக எல்லாரும் போடுவதைப் போட்டால் ஆமையாக நகர்கிறதென்று மோகனாவே அதில் லினக்ஸ் என்கிற இன்னொரு சாப்ட்வேரை ஏற்றிவைத்திருந்தாள், ஏற்றினதிலிருந்து ஸ்பீக்கர் சத்தம் செத்துப்போய்விட்டது. ஏண்டி இது இப்படி முனகுது என்று தெய்வானை கேட்டால், அது லினக்ஸும்மா, அதுக்குக் கூச்ச சுபாவம், பழகப் பழகச் சரியாப்போயிடும் என்று கேலி பேசுவாளாம். இப்போது அம்மாக்காரி தினமும் அதன் மேல் காதை வைத்துப் படுத்துக்கிடந்தாள். தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி ஏதோ குறுகுறுவென்று கேட்டது, பேச்சா இரைச்சலா என்று பிரிக்க முடியவில்லை.

சம்பத்தைக் கூப்பிட்டு வந்தது நான்தான். செல்போனைப் பிரித்துப் பூட்டுவதில் அவன் கெட்டிக்காரன், ஆனால் லினக்ஸைப் பார்த்ததும் அரண்டுபோனான், அதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் ஸ்குரூ டிரைவரால் காதைக் குடைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். ஹெட்போனை மாட்டிப் பார்த்தான், காதுக்குள் தறிதான் ஓடியது, அதற்கு அடியில் மோகனா எங்கேயோ அமுங்கிக் கிடந்தாள். பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்த் தன் கடையில் போட்டுப் பார்த்தான், அங்கே தறிச் சத்தத்தைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. அப்புறம் செல்போனில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு வந்து ஒரு கருப்புத் திரையைத் திறந்தான், அது பாஸ்வேர்டு கேட்டது. மோகனாவின் பாஸ்வேர்டு தெய்வானைக்குத் தெரியும், தறிக்கூடத்து மின் இணைப்பு எண்தான் அது, கரண்ட் பில் கட்டிக் கட்டி இருவருக்கும் மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல இவன் தட்டினான், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை, கீபோர்டும் போச்சு என்று எழுந்தே விட்டான். அந்தப் பெட்டி அப்படித்தான், வாங்கினதை வெளியே காட்டாமலேயே வாங்கிக்கொள்ளும் என்பது பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

உள்ளே போனால் சத்தத்தின் அளவைக் காட்டுகிற கோடுகள் வரிசையாகக் கம்பி கம்பியாக நின்றன. எல்லாவற்றுக்கும் தலைவன் கம்பி உச்சியில் இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒரு கம்பி பாதாளத்தில் கிடந்தது. இது கீழே கிடக்கும்வரை அதை எவ்வளவு ஏற்றி என்ன? சம்பத்து அதை மேலே ஏற்றி, ஒவ்வொரு தடவையும் பெட்டியை அணைத்தால் மறந்துவிடக்கூடாதென்று நிலையாகப் பதித்தும் வைத்தான். குரல் கொஞ்சம் துலங்கியது. குட் மார்னிங் மேம் என்று மோகனா ஆரம்பித்து, பூஞ்சைகளைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி ஒப்பித்து, ஐந்தாவது வரியில் தடுக்கி, சே என்று தன்னையே திட்டிக்கொண்டது கேட்டது. அந்தச் சே என்றதைக் கேட்டுத் தெய்வானை சிரித்தாள். செத்த வீட்டில் சிரிக்கிறாளே என்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் தறிச் சத்தம் மூடிக்கொண்டது.

இன்னும் ஏற்ற முடியாதா என்றாள். நூறு ஆயிடுச்சுங்க அக்கா, நூறுதான் உச்சம் என்றான் சம்பத்து, பிறகு திரையில் இன்னொரு கட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இதுல நூத்துக்கு மேலயும் கோடு போகுதுங்க, நூத்தம்பத்தி மூணு வரைக்கும் விட்டிருக்கறான், அது என்ன கணக்கோ தெரியல, ஆனா ஸ்பீக்கர் கிழிஞ்சாலும் கிழியும் என்றான். கிழிந்தால் கிழியட்டும், இழு என்றாள். நூற்றிப் பத்துக்கு இழுத்தான். எங்கள் வரிசையில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் அத்தனையும் ஓடிக்கொண்டே சத்தத்தை விட்டுவிட்டன. நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே போனது, வந்தது, துணி இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை. லேப்டாப்பில் மோகனாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தறியும் அந்த அளவுக்கு அமுங்கிப்போய், அவள் குரல் ஒரு படி மேலே வந்து நின்றது.

நூற்றி இருபதில் ஊர் முழுக்கத் தறிச் சத்தம் அடங்கியது. அடங்கினதும் நாங்கள் ஒன்றும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, பாவு ஏற்றியாகிவிட்டது, துணி போயாக வேண்டும், சத்தம் போனதற்காக யார் சோறு போடுவார்கள்? நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும், இப்போது அதற்கு வழியில்லாமல் முதல் வாரத்துத் துணியெல்லாம் பல்லிளித்துக்கொண்டு வந்தது. அப்புறம் தறிச் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே அறுந்ததைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டோம். மற்றதற்குத்தான் பழக முடியவில்லை. குசுகுசுவென்று பேச எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, தறிச் சத்தத்தை நம்பிக் கத்திக் கத்தியே குடித்தனம் நடத்தியவர்கள், ஒவ்வொரு வீட்டுச் சண்டையும் ஒவ்வொரு வீட்டுக் கொஞ்சலும் தெருக்கோடி வரை அட்சரம் பிசகாமல் கேட்டது. மூன்று வருஷமாக நாத்தனாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரே ராத்திரியில் மூட்டையைக் கட்டினாள். தூக்கம் வராமல் ஆண்கள் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தாலும் பேசப் பயந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வானையிடம் போய்க் கேட்கலாம் என்று பேச்சு வந்தது. போனார்கள். வாசலில் நின்று, உள்ளே அவள் லேப்டாப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தப் பூஞ்சைப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டியா அம்முணி என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

நூற்றி முப்பதுக்கு அவளே இழுத்தாள், இழுக்க அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. குக்கர் விசில், பஸ் ஹாரன், மாரியம்மன் கோயில் மணி எல்லாம் போயின, மோகனா இருமுவதும் நாற்காலி நகருவதும் கேட்டன. நூற்றி நாற்பதுக்கு இழுத்தாள். மூச்சு விசிலடிக்கிற சத்தம் கேட்டது, அந்த இழுப்புச் சத்தம் எங்களுக்கெல்லாம் பழக்கமானதுதான். அதற்குப் பின்னால், தெளிவாக, அம்மா என்று ஒரு குரல் கேட்டது.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கும் கேட்டது. கையிலிருந்த தார்க்குச்சி உருண்டு போனதுகூடத் தெரியாமல் நின்றேன். நாங்கள் அத்தனை பேரும் சொல்லி வைத்த பொய் அந்த ஒரு வார்த்தையில் செத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், தெய்வானை அழவில்லை. கூப்பிட்டிருக்கிறாக்கா என்றாள், அதுக்கப்புறம் என்னமோ சொல்றா, அது கேக்கமாட்டேங்குது என்றாள்.

அதே மத்தியானம்தான் எதிர்வீட்டுக் கௌசல்யாவின் கைக்குழந்தை தூளியில் அழுதது. நூற்றி நாற்பதில் ஊரில் குழந்தைகளின் அழுகை போயிருந்தது, அது அதுவரை யாருக்கும் தெரியாது. பின்னால் தறியில் நின்றிருந்தாள் கௌசல்யா, தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், தூளித்துணி கழுத்தில் சுற்றிக்கொண்டு பிள்ளை வாயைத் திறந்து திறந்து கத்திக் கருநீலமாகிக் கிடந்திருக்கிறது, பால் கறந்து ஊற்ற வந்தவர் எதேச்சையாக எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வீடும் தெய்வானை வீடு மாதிரி ஆகியிருக்கும். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கௌசல்யா வந்தாள், கண்மண் தெரியாத ஆங்காரத்தோடு வந்தாள். அவள் பேசினது தெருவுக்கே கேட்டது.

"எத்தனை தறி ஓடினாலும் எம்புள்ள அழுதா எனக்குக் கேட்டுரும். அதைப் புடுங்கிட்டீங்களேக்கா!"

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வானை உள்ளே போய்க் கோட்டை நூறுக்கு இறக்கினாள், ஊரெல்லாம் தடக் தடக்கென்று தறிகள் வாய் திறந்தன, கோயில் மணி அடித்தது, கௌசல்யாவின் குழந்தை வீரிட்டு அழுதது. வெளியே வந்து அந்தக் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தெய்வானை கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை, அடுப்பையும் பற்றவைக்கவில்லை. நான் கொண்டுபோய் வைத்த சோறு வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. ஆள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள். அந்த மிச்சப் பேச்சைக் கேட்காமல் இவள் உயிரோடு இருக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கேட்டால் இருப்பாளா என்று யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது.

வழி சொன்னது கௌசல்யாதான். சொன்ன சொல் அவளைத் தூங்க விடவில்லை போலிருக்கிறது, முகமெல்லாம் வீங்கிப்போய் வந்து தெய்வானையின் முன்னால் உட்கார்ந்து, அமாவாசைக்குத் தறி நிறுத்தித்தானேக்கா இருக்கும், அன்னைக்கு ஒருக்கா முழுசா இழுத்துக் கேட்டுடுங்க, நாங்க எல்லாரும் அவங்கவங்க புள்ளைகளை மடியில வெச்சுக்கறோம், மடியில இருந்தா அழறது கேக்கோணும்னு இல்லீங்களே என்றாள். தெய்வானை வேண்டாமென்றுதான் தலையை ஆட்டினாள். ஆனால் பேச்சு அதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது, ஒரு வீடுகூட மறுக்கவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்கள் பக்கத்தில் ஆள் உட்காருவது, அடுப்பை அணைத்துவிடுவது, மாட்டையும் நாயையும் கட்டிப்போடுவது, ரோட்டின் இரண்டு தலைமாட்டிலும் ஆள் நின்று வண்டியை மறிப்பது என்று திருவிழாவுக்குப் பேசுகிற மாதிரி எல்லாம் பேசி முடித்தார்கள்.

அமாவாசை அன்று காலைச் சோற்றுக்குப் பிறகு ஊரே வாசலில் வந்து உட்கார்ந்தது. மடியில் அடங்குகிற பிள்ளை மடியில், அடங்காத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, வளர்ந்த பிள்ளைகளைக்கூடத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மீசை முளைத்த பையன்கள் வெட்கப்பட்டு நெளிந்தாலும் விடவில்லை. தெய்வானை வீட்டுக் கதவும் சன்னலும் விரியத் திறந்திருந்தன. சம்பத்து லேப்டாப்பை முன்னறை மேசை மேல், மோகனா கவிழ்ந்து கிடந்த அதே மேசை மேல் வைத்து, கோட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தான்.

காற்றுச் சத்தம் போனது. காக்காய்ச் சத்தம் போனது. பக்கத்தில் இருந்தவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அவள் குரலும் போயிருந்தது, என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்கவில்லை. உலகத்தில் அந்தப் பெட்டியைத் தவிர வேறெதற்கும் சத்தமில்லை. மோகனாவின் குரல் தெருவெல்லாம் வந்தது, கடைசி வீட்டு வாசல் வரைக்கும் வந்தது, ஒவ்வொருத்தர் காதுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டு பேசியது. பூஞ்சைகளைப் பற்றிப் பேசியது, தடுக்கியது, சே என்றது. பிறகு இருமல், நாற்காலி, இழுப்பு.

"அம்மா."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.

"அம்மா, தறிய நிறுத்தும்மா. மூச்சு முட்டுது."

மறுபடி மூச்சு, அது அறுந்து அறுந்து வந்தது. நாங்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டோம், இறுக்கின இறுக்கில் அவை அழுதிருக்கும், கேட்கவில்லை. அப்புறம் அந்தப் பெண் பேசின கடைசிப் பேச்சு வந்தது. அதில் கோபம் இல்லை, அம்மாவின் அவசரம் தெரிந்த பிள்ளை எப்போதும் சொல்கிற சாதாரணக் குரல்தான்.

"சரி... பாவு முடிச்சுட்டே வா."

அதற்கு மேல் பெட்டியில் அவள் குரல் இல்லை.

தெய்வானை எழுந்தாள். கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள், விழுவாள் என்று நான் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் நேராகத் தறிக்கூடத்துக்குப் போனாள். மோகனா போன அன்றிலிருந்து பாவுகூட ஏற்றாமல் வெறுமனே நின்றிருந்த தறி. அதன் சுவிட்சு நிறுத்தித்தான் இருந்தது. அதன் மேல் கையை வைத்து, நிறுத்தியிருந்ததை இன்னும் ஒரு தடவை அழுத்தி நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, மேசையின் பக்கமாகக் குனிந்து வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. கோடு இன்னும் கடைசியிலேயே நின்றது, அதை இறக்க வேண்டியவன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் கதவும் சன்னலும் விரியத் திறந்திருந்தன, வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது, உதட்டைப் படிக்கத் தெரியாதவர் எங்களில் யாருமில்லை.

நிறுத்திட்டேன் கண்ணு, சொல்லு என்றாள்.

சொல்லிவிட்டுப் பதிலுக்காக அங்கேயே நின்றாள்.